வாலைப் பார்த்து வாங்க வேண்டிய பல்லி

ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்க ஆசைப்படும் நம்மவர்கள் பலர் என்னிடம் முதலில் விசாரிப்பது உடும்பைப் பற்றித்தான். வேண்டாம் என்பதே எப்போதும் என் பதில். இந்தியாவில் வாழும் நான்கு வகை உடும்புகளும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை; அவற்றைப் பிடிப்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நான் வசிக்கும் கனடா போன்ற நாடுகளில் ஆப்பிரிக்கச் சவன்னா உடும்பைக் குட்டியாகக் கடைகளில் விற்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு வளரும். அதற்கு ஆழமாகத் தோண்டிப் பதுங்க மண்ணும், 50 பாகை செல்சியஸைத் தாண்டும் சூடான கல்லும், ஓர் அறையின் பாதியை அடைக்கும் கூண்டும் வேண்டும். இவற்றைத் தர முடியாதவர்களின் வீடுகளில் அது எலிக்குஞ்சுகளைத் தின்று கொழுத்து, நோயுற்று, இளமையிலேயே இறந்துபோகிறது.

முதன்முதலில் வளர்ப்பவருக்கு ஏற்றது லெபர்ட் கெக்கோ என்னும் சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட கற்பாங்கான நிலங்களில் வாழும் இது, நம் வீட்டுச் சுவரில் உச்சுக்கொட்டும் பல்லியிலிருந்து இரண்டு வகையில் மாறுபட்டது. இதற்குக் கண்ணிமை உண்டு, ஆகவே கண்ணை மூடித் தூங்கும். விரல்களின் அடியில் ஒட்டும் பட்டைகள் இல்லாததால் கண்ணாடியில் ஏறாது. முழு வளர்ச்சியில் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நல்ல பராமரிப்பில் 15, 20 ஆண்டுகள்கூட வாழும் என்பதை வாங்குமுன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: சிங்கப்பூரில் பல்லி இனம் எதையும் வளர்க்க அனுமதி இல்லை, இந்தியாவில் இருப்பவர்கள், இந்தப் பல்லியின் தாயகத்தில் தங்கள் நாடும் அடக்கம் என்பதால், வனத்துறையிடம் எழுத்தில் கேட்டறியாமல் வாங்கவே கூடாது.

வாங்கும்போது கண் முதலில் போக வேண்டிய இடம் வால். இந்த உயிர் தன் கொழுப்பை வாலில்தான் சேமிக்கிறது. ஆரோக்கியமான வளர்ந்த பல்லியின் வால் அதன் கழுத்தளவுக்காவது பருத்திருக்கும். நான் முதலில் வாங்கிய பல்லியின் வால் பென்சிலைப் போல மெலிந்திருந்தது. "குட்டிதானே, சாப்பிடச் சாப்பிடத் தேறிவிடும்" என்றார் விற்றவர், நானும் நம்பினேன். அதற்குக் குடலைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி இருந்தது மலப் பரிசோதனையில்தான் தெரிந்தது. மூன்று மாதம் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வால் பருமன், தெளிவான கண்கள், நான்கு கால்களிலும் இருபது விரல்களும் முழுமையாக இருப்பது, சுத்தமான கழிவாய், உடலைத் தரையிலிருந்து தூக்கி நடக்கும் நடை ஆகிய அனைத்தையும் பாருங்கள். உங்கள் கண்ணெதிரே அது ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்னும்படி விற்பவரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

நிறத்துக்காக ஆசைப்படுகிறவர்கள் இரண்டு வகைகளைத் தவிர்க்க வேண்டும். "எனிக்மா" என்ற வகையில் நரம்புக் கோளாறு பரம்பரையாக வருகிறது; தலையைச் சாய்த்து வட்டமடித்து, இரையைக் குறிபார்க்க முடியாமல் அவை தவிக்கும். "லெமன் ஃப்ராஸ்ட்" என்ற எலுமிச்சை மஞ்சள் வகையில் பெரும்பாலானவற்றுக்குத் தோல் நிறமிச் செல்களில் புற்றுக்கட்டிகள் வருகின்றன. அதற்குக் காரணமான மரபணுவை 2021-இல் வெளியான ஆய்வு அடையாளம் காட்டியது. எவ்வளவு அழகாக இருந்தாலும் நோயோடு பிறக்கும் உயிரை நாம் காசு கொடுத்துப் பெருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வளர்ப்பில் ஏற்படும் பெரும்பாலான தவறுகள் சூட்டைப் பற்றியவை. இந்தப் பல்லி தன் உடலுக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்க முடியாது. வெளியிலிருந்துதான் பெற வேண்டும், அது கிடைக்காவிட்டால் தின்ற இரை வயிற்றில் செரிக்காமல் கிடக்கும். ஆகவே 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கண்ணாடித் தொட்டியில் ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் அமைத்து, எங்கே இருப்பது என்று அதுவே தேர்ந்துகொள்ளும்படி விட வேண்டும். சூடான முனையில் தரைப்பரப்பு 32 முதல் 34 பாகை செல்சியஸும், குளிர்ந்த முனை 22 முதல் 25 பாகையும் இருக்கட்டும். மேலிருந்து ஒளிரும் ஹாலஜன் விளக்கோ அடியில் வைக்கும் சூட்டு விரிப்போ எதுவானாலும், சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். ஒரு குளிர்கால இரவில் என் தொட்டியின் ஒட்டு வெப்பமானி 30 என்று காட்டிக்கொண்டிருக்க, தெர்மோஸ்டாட்டின் உணரி இடம் நழுவியதால் கல்லின் மேற்பரப்பு 41-ஐத் தொட்டிருந்தது. பல்லி குளிர்ந்த மூலையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்த பிறகே அளந்து அறிந்தேன். அன்றிலிருந்து அகச்சிவப்பு வெப்பமானியால் தரையைத் தினமும் அளக்கிறேன். இரவில் விளக்குகளை அணைத்துவிடலாம். 18 பாகை வரை குறைந்தாலும் ஆரோக்கியமான பல்லி தாங்கும். சிவப்பு விளக்கு வேண்டாம்.

சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரப் பாசியிட்ட பெட்டி ஒன்று என மூன்று மறைவிடங்கள் வேண்டும். முதல் இரண்டு மாதம் தரையில் காகிதத் துவாலை விரியுங்கள், மலம் எப்படி இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். வெறும் மணலையும் கடையில் விற்கும் கால்சியம் மணலையும் குட்டிகளுக்குப் போடாதீர்கள். விழுங்கினால் குடல் அடைத்துவிடும்.

உணவு உயிருள்ள பூச்சி மட்டுமே. பழமும் கீரையும் இதற்கு உதவாது. கடைகளில் கிரிக்கெட் என்று விற்கும் சுவர்க்கோழி, டூபியா கரப்பான், மீல்வார்ம் புழு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பூச்சியின் அகலம் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை மீறக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும் போதும். பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அப்படியே கொடுத்துவந்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைந்து, தாடை ரப்பரைப் போல மென்மையாகி, கால்கள் வளைந்துவிடும். ஆகவே பூச்சிகளுக்கு ஒருநாள் முன்னதாகக் கீரையும் கேரட்டும் கொடுத்து வயிற்றை நிரப்பி, கால்சியம் பொடியில் புரட்டிய பிறகே தொட்டியில் விட வேண்டும். வைட்டமின் டி3 கலந்த பொடியை எவ்வளவு பயன்படுத்துவது என்பது நீங்கள் புறஊதா விளக்கு வைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. மெல்லிய அளவிலான புறஊதா பி விளக்கு நல்லதே. ஆனால் நிறமியற்ற அல்பினோ வகைகளுக்கு ஒளி கூசும், அவற்றுக்கு நிழல் அதிகம் கொடுங்கள். தோட்டத்து மின்மினியை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள், அது கொடிய நஞ்சு.

சட்டை உரிக்கும் நாளில் பல்லி முழுவதும் வெளுத்துப் பால் பூசியது போலாகி, மூக்கிலிருந்து தோலைக் கிழித்து, கையுறை கழற்றுவது போல விரல் விரலாக இழுத்துத் தின்றுவிடும். மறுநாள் காலை ஒவ்வொரு விரல் நுனியையும் உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். தலைமயிர் அளவுக்கு வெண்ணிற வளையம் ஒன்று அங்கே தங்கியிருந்தால், அது காய்ந்து இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தி, சில வாரங்களில் விரலையே உதிர்த்துவிடும். வெதுவெதுப்பான நீரில், முட்டி மூழ்காத ஆழத்தில், பத்து நிமிடம் நிற்கவைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள். உலர்ந்த தோலைப் பிய்க்காதீர்கள்.

ஒரு தொட்டியில் ஒன்று மட்டுமே இருக்கட்டும். இரண்டு ஆண்கள் சேர்ந்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் கழன்றுவிடும். மீண்டும் முளைப்பது பழைய வடிவில் இராது. தொட்ட பின் சோப்பால் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமான பல்லியிலும் இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் வளர்க்காமல் இருப்பது நல்லது. வாரம் ஒருமுறை தனித் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதிவையுங்கள். குளிர்காலத்தில் வளர்ந்த பல்லி சில வாரம் உண்ணாமல் இருப்பது வழக்கம்தான், எடை நிலையாக இருந்தால் அஞ்ச வேண்டாம். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அன்றே ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறார் என்பதைப் பல்லி வீட்டுக்கு வருவதற்கு முன்பே தேடிவையுங்கள்.