போஸ்ட்கிரெஸ்க்யூஎல்: எந்தப் பெயரை எங்கே தட்டுவது?

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் புதிதாக நிறுவுகிறவர்கள் முதலில் தடுமாறுவது அதன் பெயர்களில்தான். ஒவ்வொரு பெயரும் எப்போது ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தால், எதை எங்கே தட்டுவது என்பதும் பிடிபட்டுவிடும்.

பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970களில் உருவான தரவுத்தளம் இங்க்ரெஸ். அதை வழிநடத்திய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் அடுத்ததைத் தொடங்கினார். இங்க்ரெஸுக்குப் பின் வந்தது, எனவே போஸ்ட்கிரெஸ். தரவைக் கேட்டு வாங்கும் அதன் வினவல் மொழி அப்போது போஸ்ட்க்வெல். 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் இருவரும் அதற்குப் பதிலாக எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியைப் புகுத்த, அது போஸ்ட்கிரெஸ்95 ஆனது. ஆண்டைச் சுமந்த பெயர் சீக்கிரம் பழசாகிவிடுமே! 1996-இல் இன்றைய பெயரை வைத்தார்கள். ஆங்கில எழுத்தில் போஸ்ட்கிரெஸின் கடைசி எஸ்ஸும் எஸ்க்யூஎல்லின் முதல் எஸ்ஸும் ஒன்றே. அதனால் 'போஸ்ட்கிரே' என்று வெட்டுவது தவறு. முழுசாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் என்றாலே போதும்.

உபுண்டு லினக்ஸில், பின்னணியில் ஓடும் சர்வீஸுக்கு முழுப்பெயர். நிர்வாகப் பயனருக்குப் பழைய பெயர், போஸ்ட்கிரெஸ். உள்ளே நுழையும் கருவி பிஎஸ்க்யூஎல். நிறுவியதும் வெறும் 'பிஎஸ்க்யூஎல்' என்று தட்டினால், உங்கள் லினக்ஸ் லாகின் பெயரில் ரோல் (தரவுத்தளத்துக்குள் இருக்கும் பயனர் கணக்கு) இல்லை என்று திருப்பி அனுப்பும். பெயர் எதுவும் கொடுக்காதபோது ரோல், தரவுத்தளம் இரண்டுக்குமே அது லாகின் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். முதல் முறை, வேறொரு பயனராகக் கட்டளையை ஓட்டும் சூடோவைக் கொண்டு 'சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல்' என்று நுழைந்து, லாகின் பெயரிலேயே ஒரு ரோலும் ஒரு தரவுத்தளமும் உருவாக்குங்கள். அடுத்த முறை வெறும் பிஎஸ்க்யூஎல் போதும்.

சூடோவை விட்டுவிட்டு 'பிஎஸ்க்யூஎல் -யு போஸ்ட்கிரெஸ்' என்று தட்டினால் 'பியர்' என்ற நுழைவுச் சரிபார்ப்பு தோற்கும். (இங்கே -யு பெரிய எழுத்து, சூடோவில் சின்ன எழுத்து.) லினக்ஸ் பயனர் பெயரும் ரோல் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அவசரத்தில், யார் எப்படி நுழையலாம் என்ற விதிகள் உள்ள பிஜி_ஹெச்பிஏ கோப்பில் 'டிரஸ்ட்' என்று மாற்றிவிடாதீர்கள். மாற்றிய அந்த வரி பொருந்துகிற எவரும் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வரலாம்.

பைத்தானில் தரவுத்தளங்களோடு பேச உதவும் நூலகமான எஸ்க்யூஎல்ஆல்கெமியில், 1.4 பதிப்பு முதல் இணைப்பு முகவரி முழுப்பெயரில் தொடங்க வேண்டும். 'போஸ்ட்கிரெஸ்' என்று தொடங்கினால் டயலெக்ட் (அந்தத் தரவுத்தளத்துக்கான பகுதி) கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

பைத்தானைப் போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைக்காப்ஜி2-ஐ மூல நிரலிலிருந்து நிறுவும்போது, அதற்குத் தேவையான பிஜி_கான்ஃபிக் என்ற கருவி காணவில்லை என்றால் 'லிப்பிக்யூ-டெவ்' தொகுப்பை நிறுவுங்கள். இந்தப் பெயரில் போஸ்ட்கிரெஸும் இல்லை, எஸ்க்யூஎல்லும் இல்லை. அதிலுள்ள பிக்யூ, பழைய போஸ்ட்க்வெல்லின் மிச்சம்.