இதய ஓட்டையை அடைக்கும் முன்: நானும் செய்த தவறுகள்

போன வாரம் ரவுண்ட்ஸில் பயிற்சி மருத்துவர் ஒருவர் எக்கோ ரிப்போர்ட்டை நீட்டினார். "சார், பிஎஃப்ஓ இருக்கு. ஸ்ட்ரோக்குக்குக் காரணம் கிடைச்சிருச்சு." முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவர் வயதில் எனக்கும் அதே சந்தோஷம் இருந்தது. அதனால்தான் எரிச்சலும் வந்தது.

கருவில் நுரையீரல் மூச்சு விடுவதில்லை. அதனால் இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் குறுக்கே போக ஒரு சின்னக் கதவு இருக்கும். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய கதவு அது. நாலு பேரில் ஒருவருக்கு முழுசாக ஒட்டாமலே நின்றுவிடும்; அதுதான் பிஎஃப்ஓ. பெரும்பாலானவர்கள் அது தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். சிலருக்குக் காலில் உறைந்த ரத்தக் கட்டி அந்த வழியாகத் தாவி மூளைக்குப் போகும்.

ஓட்டை கிடைத்ததும் தேடலை நிறுத்துவது

மளிகைக்கடைக்காரர், வயது 57. சுகர், பிபி, பீடி மூன்றும் உண்டு. ஒரு நாள் காலையில் சில்லறை கொடுக்கும்போது காசு இடது கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. எம்ஆர்ஐயில், மூளையின் ஆழத்தில் சின்னதாக ஒரு அடைப்பு. பபிள் டெஸ்டில் (ஊசியில் ஏற்றிய குமிழிகள் ஓட்டை வழியாகத் தாவுகிறதா என்று எக்கோவில் பார்ப்பது) இதயத்தின் இடது பக்கம் குமிழிகள். 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் நார்மல். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக ஓட்டையை மூடும் டிவைஸை வைத்து அடைத்தோம். திரையில் பார்க்க அழகாக உட்கார்ந்திருந்தது.

பதினாலு மாதம் கழித்து, பேச்சு போன நிலையில் மறுபடி வந்தார். நாடி தாறுமாறாக ஓடியது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதில் ரத்தம் உறைவது பெரும்பாலும் இடது மேலறையின் ஓரத்துப் பையில். அதாவது, நாங்கள் அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம். அவர் மனைவி கேட்டார்: "அடைச்சாச்சு, இனி வராதுன்னீங்களே டாக்டர்?" அந்தத் துடிப்பு முன்பே இருந்ததா, டிவைஸ் கிளப்பிவிட்டதா என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு 2013இல் ரோப் ஸ்கோர் வந்தது: பக்கவாதத்துக்கு ஓட்டைதான் காரணமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் மதிப்பெண்; கூடினால் வாய்ப்பும் கூடும். அவருக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பதுகளில் இருப்பவருக்கு 2. முன்பு பக்கவாதம் இல்லாததற்கு 1. சுகர், பிபி, பீடி, ஆழத்து அடைப்பு, எதற்கும் மதிப்பெண் இல்லை. மொத்தம் 10க்கு 3. மூன்றோ அதற்குக் கீழோ வந்தால், பக்கவாதத்துக்கு அந்த ஓட்டையைக் குற்றம் சொல்ல ஏறக்குறைய இடமே இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது பிபி மாத்திரையும், பீடியை விடுவதும், இன்னும் பல நாள் துடிப்புக் கண்காணிப்பும்.

ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நீண்டகாலப் பலன் நிஜம். 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வான 'க்ளோஸ்'இல், அடைத்த 238 பேரில் சராசரியாக ஐந்து வருஷத்தில் ஒருவருக்குக்கூட மறுபடி பக்கவாதம் வரவில்லை. மாத்திரை மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு வந்தது. ஆனால் அவர்கள் அறுபது வயதுக்கு உட்பட்டவர்கள், வேறு காரணம் தேடிக் கிடைக்காதவர்கள், ஓட்டையும் பெரிதாகவோ, நடுச்சுவர் தளர்ந்து ஆடுவதாகவோ இருந்தவர்கள். ஆறு ஆய்வுகளின் 3,740 பேரை 2021இல் சேர்த்து அலசியபோது, ஆண்டுக்கு 1.09 சதவீதமாக இருந்த பக்கவாதம், அடைத்தவர்களிடம் 0.47ஆகக் குறைந்தது. ஓட்டைக்குச் சம்பந்தம் இருக்காது என்று வகைப்படுத்தியவர்களிடம் மட்டும் பலன் இல்லை. துடிப்புக் கோளாறுதான் மிச்சம். எங்கள் மளிகைக்கடைக்காரர் அந்த வரிசை.

முக்கச் சொல்லாமல் பபிள் டெஸ்ட்

இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே சலைனையும் கொஞ்சம் காற்றையும் இப்படியும் அப்படியும் தள்ளி நுரையாக்கி ஊசியில் ஏற்றுகிறோம். நோயாளி அடிவயிற்றிலிருந்து முக்கி, சட்டென்று விட வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும். பலர் கூச்சத்தில் கன்னத்தை மட்டும் உப்புவார்கள். மயக்க மருந்து கொடுத்து, தொண்டை வழியாக எக்கோ பார்க்கும்போது அதுவும் நடக்காது. 'ஓட்டை இல்லை' என்று எழுதும் முன் அவர் முக்கினாரா என்று பாருங்கள். பரிசோதனைக்கு முன்பே ஒருமுறை முக்கிப் பழக்குவது நல்லது.

அடைத்தாச்சு, மாத்திரை எதற்கு?

ஆய்வுகளில் அடைத்துக்கொண்டவர்களும் ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ எடுத்தவர்கள்தான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

படபடப்பை 'டென்ஷன்' என்று தள்ளுவது

டிவைஸ் வைத்தபின் வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பெரும்பாலும் முதல் 45 நாளுக்குள் தலைகாட்டும். நிறையப் பேருக்குத் தானே அடங்கிவிடும். அடங்காதவர்களைக் கண்டுபிடிக்க, படபடப்பு வந்த அன்றே ஒரு இசிஜி எடுங்கள்; அதில் தெரியாவிட்டால் பல நாள் கண்காணியுங்கள்.

ஆறு மாத எக்கோவை விடுவது

டிவைஸ் மேல் திசு படர மாதங்கள் ஆகும். ஓரத்தில் கசிவு மிச்சமிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பக்கவாதமே வராதவருக்கு, முன்னெச்சரிக்கையாக

வேண்டாம்.

"இதயத்துல ஓட்டை" என்று மட்டும் சொல்லி அனுப்புவது

மாஸ்டர் செக்கப்பில் தற்செயலாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு 24 வயது; அம்மா நிச்சயதார்த்தத் தேதியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். கருவிலிருந்த கதவைப் படம் வரைந்து காட்ட எனக்கு நாலு நிமிஷம் ஆனது.