புறாத்தீவில் ஓர் அமைதியான காலைப்பொழுது

திருகோணமலைப் பக்கம் ஓய்வாக ஒரு விடுமுறை கழிக்க நினைப்பவர்கள் நிலாவெளியில் தங்கி, புறாத்தீவுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர்தான், வள்ளத்தில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். 2003 முதல் இது தேசியப் பூங்கா என்பதால் இரவு தங்க அனுமதி இல்லை. நுழைவுச்சீட்டும் எடுக்க வேண்டும்.

கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலை பெரிது, தண்ணீரும் கலங்கிக் கிடக்கும்.

தனிமை வேண்டுமென்றால் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்களைத் தவிர்த்துவிட்டு, காலையில் முதல் வள்ளத்திலேயே போய்விடுங்கள். கூட்டம் வந்து சேர்வதற்கு முன் கிடைக்கும் அந்த நேரம்தான் உண்மையான விடுமுறை! கைத்தொலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, பாறை நிழலில் சும்மா உட்காருங்கள். தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மனதில் ஓடுவதை எழுத ஒரு சின்னக் குறிப்பேடும் கொண்டு போங்கள்.

அப்புறம், நீந்தும்போது முருகைக்கற்களின் (பவளப்பாறைகளின்) மேல் கால் வைக்கவே வேண்டாம். அவை உயிருள்ளவை. ஒருமுறை உடைந்தால் மீண்டும் வளர ஆண்டுக்கணக்காகும். கருந்துடுப்புச் சுறாக்களைக் கண்டால் பயப்படாதீர்கள், துரத்தாமல் விட்டால் அவை தம் வழியே போய்விடும். வெயிலுக்குப் பூசும் களிம்பு முருகைக்கற்களைப் பாதிக்கலாம், அதனால் நீளக்கைச் சட்டையோடு நீந்துவது நல்லது. குடிதண்ணீர் தாராளமாக எடுத்துப் போங்கள், வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.