அடிமை ஒழிப்புப் போராளிகளின் பழைய படங்கள்: பகிர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் ‘அரிய புகைப்படம்’ என்று யாராவது ஒன்றை அனுப்பினால், திறந்து பார்க்காமலேயே மறுத்துவிடலாம். அவர் இறந்தது 1833ல். புகைப்பட முன்னோடி டாகர் தன் படமெடுக்கும் முறையை பாரிசில் அறிவித்தது 1839ல். ஒலாடா ஈக்வியானோ 1797லேயே காலமானார். நாட் டர்னரை 1831ல் தூக்கிலிட்டார்கள். இவர்கள் யாரும் கேமராவைக் கண்டதில்லை. ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, ஓரத்தில் நாலு கீறல் போட்டுவிட்டால் அது புகைப்படமாகிவிடாது. இறந்த ஆண்டைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

இதற்கு அடுத்தது, செதுக்குப் படத்தைப் புகைப்படம் என்று எடுத்துக்கொள்வது. அன்றைய பத்திரிகைகளால் புகைப்படத்தை அப்படியே அச்சிட முடியாது. அதைப் பார்த்து ஒருவர் மரத்திலோ உலோகத்திலோ செதுக்க, அந்த அச்சுதான் வாசகர் கைக்குப் போகும். செதுக்குபவர் தம் விருப்பத்துக்கு மாற்றுவதும் உண்டு. எலன் கிராஃப்ட் என்ற அடிமைப் பெண் 1848 டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து வெள்ளைக்காரப் பண்ணையார் வேடத்தில் தப்பியவர். கணவர் வில்லியம் அவருடைய வேலைக்காரராக நடித்தார். மீசை தாடி இல்லாத முகத்தை மறைக்கக் கன்னத்தில் கட்டு. விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால் சமாளிக்கக் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் கட்டு, ஏனென்றால் அவருக்கு எழுதத் தெரியாது. இன்று நாம் பார்க்கும் வேடப் படத்தில் முகக்கட்டு இல்லை. அது தப்பிய பிறகு, விற்பதற்கென்றே உருவாக்கிய செதுக்குப் படம். முகம் தெரிந்தால்தானே வாங்குவார்கள்? அதற்குக் கீழே ‘தப்பியோடும்போது எடுத்த படம்’ என்று எழுதுவது கதையையே கெடுத்துவிடும்.

இடம் வலம் மாறும் சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டாகரோடைப் என்பது டாகரின் முறையில் எடுத்த படம், வெள்ளி பூசிய செப்புத் தகடு. நெகட்டிவ் கிடையாது, தகட்டில் விழுந்த உருவமே இறுதிப் படம். அதனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித்தான் தெரியும். கப்பல் தலைவர் ஜோனதன் வாக்கரின் கை இதற்கு நல்ல உதாரணம். ஃபுளோரிடாவிலிருந்து அடிமைகள் சிலரைப் படகில் ஏற்றித் தப்புவிக்க முயன்று பிடிபட்டவர் அவர். 1844ல் அவருடைய வலது உள்ளங்கையில் ‘அடிமைத் திருடன்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைப் (SS) பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். மறு ஆண்டு பாஸ்டனில் சவுத்வொர்த் அண்டு ஹாஸ் புகைப்பட நிலையம் அந்தக் கையை மட்டும் தனியாகப் படமெடுத்தது. முகமே இல்லாத அந்த உருவப்படத்தின் தகட்டைப் பார்த்து ‘இடக்கை’ என்று எழுதிவிடுவது எளிது.

அதற்காகக் கண்ணில் படும் எல்லாப் படத்தையும் திருப்பிப் போடக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு டாகரோடைப்பைப் பார்த்து மறுபடி டாகரோடைப் எடுத்திருந்தால் இடவலம் தானாகவே சரியாகியிருக்கும். இணையத்தில் கிடைக்கும் பிரதியை யாராவது முன்பே திருப்பியும் இருக்கலாம். ஆண்களின் கோட்டைப் பாருங்கள்: பொதுவாக இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத்தின் மேல் படியும். அது மாறியிருந்தால் படம் இன்னும் திருப்பிச் சரிசெய்யப்படாதது என்று ஊகிக்கலாம்; ஊகம்தான், முடிவல்ல.

‘அந்தக் காலத்தில் வெகுநேரம் அசையாமல் உட்கார வேண்டும், அதனால்தான் யாரும் சிரிக்கவில்லை’ என்ற விளக்கத்தை, அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்து அதற்கு எதிராகப் பேசிய ஃபிரடெரிக் டக்ளஸுக்குப் பொருத்துவதை நான் ஏற்பதில்லை. 1840களின் நடுவிலேயே அந்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்துவிட்டது. டக்ளஸின் இறுக்கமான முகம் அவரே தேர்ந்துகொண்டது. அடிமைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று தோட்ட முதலாளிகள் பரப்பிய பொய்க்குத் தன் முகம் சாட்சி சொல்லக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். வெள்ளைக்கார ஓவியர்கள் கறுப்பர்களை நடுநிலையோடு வரைவதில்லை என்று 1849ல் தன் ‘நார்த் ஸ்டார்’ பத்திரிகையில் குறைப்பட்டவரும் அவர்தான். ஒரு புத்தகத்தில் அவரைச் சாந்தமாகச் சிரிக்கும் முகத்தோடு வரைந்திருந்தார்கள். கேமராவை அவர் நம்பினார். அவருடைய புகைப்படங்கள் ஏறக்குறைய 160 கண்டறியப்பட்டுள்ளன. லிங்கனுக்குக்கூட அத்தனை இல்லை. அந்த முகத்தில் ஆப் வைத்துப் புன்னகை வரவழைப்பவர்களை என்ன சொல்வது!

ஆண்டுக் குழப்பம் வேறு வகை. அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் என்றாலே நீண்ட வெண்தாடி நினைவுக்கு வருகிறது. அந்தத் தாடி கடைசிக் காலத்தில் வந்தது. 1846–47 வாக்கில் ஹார்ட்ஃபர்டில் அகஸ்டஸ் வாஷிங்டன் என்ற கறுப்பினக் கலைஞர் எடுத்த தகட்டில் பிரவுன் மழித்த முகத்தோடு, உறுதிமொழி எடுப்பதுபோல் ஒரு கையை உயர்த்தி நிற்கிறார். வாஷிங்டனின் பெயரைச் சொல்லாமல் அந்தப் படத்தை வெளியிடுவதும் தவறுதான். ஹாரியட் டப்மன் ஒரு கூட்டத்தோடு நிற்கும் படத்துக்கு ‘அவர் மீட்ட அடிமைகள்’ என்று குறிப்பு எழுதுகிறார்கள். அது 1887 வாக்கில் எடுத்தது. அமெரிக்காவில் அடிமை முறை 1865லேயே முடிந்துவிட்டது. உடன் இருப்பவர்கள் அவருடைய கணவர், வளர்ப்பு மகள், அக்கம்பக்கத்தவர்.

சிறு அட்டையில் ஒட்டி விற்ற சோஜர்னர் ட்ரூத்தின் புகைப்படங்களில் அழகுக்காகக் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுகிறார்கள். ‘நிழலை விற்று மெய்யைக் காக்கிறேன்’ என்ற பொருளில் அங்கே ஒரு வரி அச்சாகியிருக்கும்; நிழல் என்றது படத்தை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் 1864ல் அந்தப் படத்துக்குத் தன் பெயரிலேயே காப்புரிமை பதிந்து, விற்ற காசில் வாழ்க்கையையும் பிரசாரப் பயணங்களையும் நடத்தினார். அந்த வரியை வெட்டினால் மிஞ்சுவது, பின்னல் ஊசியோடு அமர்ந்திருக்கும் யாரோ ஒரு மூதாட்டி.

அட்டையின் பின்பக்கத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை அமெரிக்க அரசு புகைப்படங்களுக்கு வரி போட்டது. விற்கும்போது பின்னால் வரி ஸ்டாம்ப் ஒட்டி அடிக்க வேண்டும். ஸ்டாம்ப் இருந்தால் அந்த அட்டை விற்ற காலம் தெரிந்துவிடும். படம் எடுத்தது அதற்கும் முன்பாக இருக்கலாம் என்பதை மறக்காமல், நூலகத்திடம் ஸ்கேன் கேட்கும்போது இரண்டு பக்கத்தையும் கேளுங்கள்.