வெளிநாட்டிலிருந்து குடுவைச் செடி வரவழைப்பது எப்படி: கும்பகோணத்து மொட்டை மாடி அனுபவம்

நான் காசு கட்டிய முதல் பெட்டி என் கைக்கு வரவே இல்லை. "ஃபைட்டோ (தாவர நலச் சான்றிதழ்) எல்லாம் எதற்கு, கிஃப்ட் என்று போட்டு அனுப்பிவிடுகிறேன்" என்றார் வெளிநாட்டு விற்பனையாளர். நானும் தலையாட்டினேன். ஒரு மாதம் கழித்து, உரிய சான்றிதழ் இல்லாததால் அழிக்கப்பட்டது என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. விற்றவர் மேல் பாதித் தப்பு, என் மேல் பாதித் தப்பு. இன்று மாடியில் பதினொரு நெப்பந்தஸ் (இலை நுனியில் தொங்கும் குடுவையால் பூச்சி பிடிக்கும் செடி) தொங்குகின்றன, எல்லாம் முறைப்படி வந்தவை. எப்படி என்று சொல்கிறேன்.

1. செடியைத் தேர்ந்தெடுப்பது

எல்லாருக்கும் முதல் ஆசை, இலையை மூடிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப்தான். அது அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் ஈரநிலத்தில் வளர்வது. குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் நன்றாகக் குளிர்ந்து உறங்கினால்தான் மறு வருடம் தெம்பாக எழும். நம் மார்கழிப் பனி அதற்குக் காணாது. ஊட்டிக்காரர்கள் வளர்க்கட்டும், நமக்கு வேண்டாம்.

நமக்கு ஏற்றது தாழ்நில நெப்பந்தஸ்: ஆம்புலேரியா, ராஃப்லேசியானா, மிராபிலிஸ், கிராசிலிஸ். புழுக்கமான இரவு இவற்றுக்குப் பழக்கம். மலைநில வகைகளுக்கு இரவில் குளிர வேண்டும், கத்தரி வெயில் காலத்தில் ஏசி அறையில்தான் வைக்க வேண்டியிருக்கும். விதை வாங்கவே வாங்காதீர்கள். நெப்பந்தஸ் விதையின் முளைப்புத் திறன் சீக்கிரமே போய்விடும். ஆன்லைனில் வரும் நீல நிற ஃப்ளைட்ராப் விதை சுத்த ஏமாற்று.

(பூச்சி தின்னும் செடி நமக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் அழுகண்ணி என்பார்களே, அது ட்ரோசெரா இனம். ஊர்க் குளத்தில் மஞ்சள் பூவோடு மிதக்கும் யுட்ரிகுலேரியாவும் நீருக்கடியில் சின்னப் பைகளால் பூச்சி பிடிப்பதுதான்.)

2. காகிதங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

வளர்ப்பதற்காக இந்தியாவுக்குள் வரும் செடியும் விதையும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைக்குக் கட்டுப்பட்டவை. முதலில் இறக்குமதி அனுமதி. எந்த இனம், எந்த நாடு, எந்த வடிவம் (விதையா, செடியா, ஆய்வகப் புட்டியில் வளர்த்த திசு வளர்ப்பா) என்ற மூன்றும் அந்த ஆணையின் பட்டியலோடு பொருந்த வேண்டும். பட்டியலில் இல்லாத செடிக்குப் பூச்சி, நோய் அபாய ஆய்வு முடியும்வரை அனுமதி கிடையாது. அடுத்து, அனுப்பும் நாட்டு அரசு தரும் தாவர நலச் சான்றிதழ். ஃபைட்டோ என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது சைட்டஸ், அதாவது அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் அனுமதி. நெப்பந்தஸ் இனம் முழுவதும் இதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நெப்பந்தஸ் ராஜாவும் மேகாலயாவின் நெப்பந்தஸ் கசியானாவும் மட்டும் முதல் பட்டியலில். அந்த இரண்டின் பக்கமே போகாதீர்கள். இரண்டாம் பட்டியல் நெப்பந்தஸ், கிருமி நீக்கிய புட்டியில் திசு வளர்ப்பாக வந்தால் சைட்டஸ் அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. ஃபைட்டோவுக்கு அந்த விலக்கு இல்லை.

வரிசை முக்கியம். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் பெட்டி கிளம்ப வேண்டும். நம்மில் பலர் காசைக் கட்டிவிட்டு அப்புறம் அனுமதி தேடுகிறோம்.

என் இரண்டாவது பெட்டியில் எல்லாக் காகிதமும் இருந்தது. ஆனால் அனுமதியில் 'நெப்பந்தஸ் ராஃப்லேசியானா' என்றும், விற்பனை ரசீதில் 'கலவைக் குடுவைச் செடிகள் 10' என்றும் இருந்தது. ஒரே பொருள்தானே என்று நினைத்தேன். பரிசோதிப்பவர் அப்படி நினைக்க முடியுமா? திருத்திய ரசீது வருவதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது, பாதிச் செடி அழுகிவிட்டது. இப்போதெல்லாம் லத்தீன் பெயரை நானே தட்டி அனுப்பி, அனுமதி, ஃபைட்டோ, ரசீது மூன்றின் போட்டோவையும் வாங்கி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே பணத்தின் கடைசித் தவணையை அனுப்புகிறேன்.

இதை ஒற்றை ஆளாகச் செய்யாதீர்கள் என்பது என் கட்சி. அனுமதி வாங்கிப் பழகிய நர்சரி ஒன்றின் கூட்டு ஆர்டரில் சேருங்கள், செலவும் பங்காகும். இலங்கையிலும் தாய்லாந்திலும் நெப்பந்தஸ் நர்சரிகள் உண்டு. பயணம் குறுகினால் செடிக்கு நல்லது. பரிசோதனை நிலையம் சென்னையில் உண்டு. மண் ஒட்டிய வேர் வரவே கூடாது, மண் இறக்குமதிக்குத் தடை.

3. திசு வளர்ப்புப் புட்டியைத் திறப்பது

மே மாதத்தில் திறக்காதீர்கள். நான் திறந்தேன். மதியத்துக்குள் எட்டுச் செடி வதக்கிய கீரை மாதிரி ஆகிவிட்டன. ஐப்பசி, கார்த்திகைதான் நல்ல காலம்.

புட்டிக்குள் நூறு சதவீத ஈரப்பதத்தில் வளர்ந்த குழந்தைகள் இவை. கிடுக்கியால் மெல்ல எடுத்து, வேரில் ஒட்டிய அகார் ஜெல்லியை மழைத்தண்ணீரில் துளி மிச்சமில்லாமல் அலசுங்கள். கடுகளவு தங்கினாலும் அதில்தான் பூஞ்சை பிடிக்கும். ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைத் துகள்) கலந்து நட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். முதல் வாரம் மூடியைத் தொடாதீர்கள். பிறகு நாளுக்கு நாள் விரலளவு கூடுதலாகத் திறந்து, நான்கு வாரத்தில் மொத்தமாக எடுத்துவிடலாம்.

4. தண்ணீர்

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) காட்டும் மீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை உயர்ந்த எல்இடி விளக்கைவிட இதுதான் அவசியம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் 780 காட்டியது, நேரடியாகப் பிடித்த மழைத்தண்ணீர் 12. ஐம்பதுக்குள் இருந்தால் நிம்மதி. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை நம்பிவிடாதீர்கள். சில மெஷின்கள் ருசிக்காகப் பழைய தண்ணீரையே கொஞ்சம் கலந்துவிடும், அளந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் நான்கு டிரம் பிடித்து மூடி வைத்தால் சித்திரைவரை ஓடும். ஏசியில் சொட்டும் தண்ணீரும் எனக்கு உதவியிருக்கிறது.

தேங்காய் நார்த்தூள் நம் பக்கம் மலிவு. ஆனால் உப்பு இருக்கும், வடியும் தண்ணீரின் டிடிஎஸ் இறங்கும்வரை அலச வேண்டும். நான் சலித்துப்போய்ப் பாசிக்கே திரும்பிவிட்டேன். உரம், சாணி, பஞ்சகவ்யம் எதுவும் தொட்டியில் வேண்டாம். எங்கள் பாட்டி "பாவம், வாடிக் கிடக்குடா" என்று ஒருநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டார். மூன்றாம் நாள் பாசி முழுக்க வெள்ளைப் பூஞ்சை. பாட்டியிடம் என்ன சொல்ல முடியும்?

பிற்சேர்க்கை

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டார்: பயணத்தில் குடுவைகள் காலியாகி வந்தன, என்ன செய்வது? மழைத்தண்ணீரை மூன்றில் ஒரு பங்கு ஊற்றி வையுங்கள். பழைய குடுவை காய்ந்தாலும் பயப்பட வேண்டாம், இலை பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். என்னுடையதில் புதுக் குடுவை மூடி திறக்க மூன்று மாதம் ஆனது. திறந்த மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு சித்தெறும்புகள் மிதந்தன.