ஜாம்பி வந்தால் லயம் என்ன செய்யும்? முதல்முறை திட்டம் போடுபவர்களுக்கு

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில்; ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் கட்டிய காம்பராக்கள், அதாவது குடும்பத்துக்கு ஒரு அறை. கரண்ட் போன ஒரு சாயங்காலம், பக்கத்துக் காம்பராப் பையன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, ஜாம்பி வந்தா நம்ம எங்க ஓடுறது?" சட்டென்று பதில் வரவில்லை. பிறகு இணையத்தில் கிடைத்த ஜாம்பித் திட்டங்களைத் தேடித் தேடி வாசித்தேன். நிலவறையில் சாமான் சேர்த்து வை, காரில் பெட்ரோல் நிரப்பி வை, துப்பாக்கியைத் துடைத்து வை என்கின்றன. நமக்கு இருப்பதோ பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு கதவு, பின்னால் இன்னொரு குடும்பத்தின் சுவர். அந்தத் திட்டங்கள் எதுவும் இந்த வாசலுக்குள் நுழையாது.

அதனால் நாங்களே உட்கார்ந்து ஒன்று போட்டோம். மூன்று முறை திருத்தியும் விட்டோம். அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

படத்தில் வருகிற, செத்தும் எழுந்து நடக்கிற ஜாம்பி நிஜத்தில் கிடையாது, சரி. ஆனால் திட்டம் நிஜம். 2011 மே மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே, ஜாம்பி வந்தால் எப்படித் தயாராவது என்று மக்களுக்கு எழுதியது. ஜாம்பிக்குத் தயாராக இருக்கிற வீடு புயலுக்கும் தொற்றுநோய்க்கும் தயாராக இருக்கும் என்பதுதான் காரணம். நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. "மண்சரிவு வந்தா என்ன செய்றது?" என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் "வாயைக் கழுவு" என்று எழுந்து போய்விடுவார்கள். ஜாம்பி என்றதும் அவர்களும் வந்து உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். தோட்டத்தில் ஒரு குடும்பம் தனியாகத் தப்ப முடியாது. ஒரே கூரை, ஒரே வாசல், தண்ணீர் பிடிக்க ஒரே பீலி. மூன்றாம் காம்பராவில் தீப்பிடித்தால் ஒன்பதாம் காம்பராவும் எரியும். ஆகவே நாம் போடுவது குடும்பத் திட்டம் இல்லை, லயத் திட்டம்.

படி 1: எந்த மாதிரி ஜாம்பி என்று பேசி முடியுங்கள்

விதி இல்லாமல் திட்டம் போட முடியாது. எங்கள் ஜாம்பி மெதுவாக நடக்கும், சத்தம் கேட்ட பக்கம் வரும், ஏணி ஏறாது, கடித்தால் பரவும். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். இல்லாவிட்டால் நடுவில் யாராவது "அது பறக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

"நாம மலையில இருக்கோம், நமக்கு வராது" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2015இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஜாம்பி நோய் அமெரிக்காவில் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெருநகரங்கள் சீக்கிரம் விழுந்தன. ராக்கி மலைத்தொடரின் வடபகுதி மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது. ஆனால் அதைக் காப்பாற்றியது உயரம் அல்ல, ஆட்கள் குறைவாக இருந்ததுதான். நம் மலை அப்படியில்லை. ஒரு லயத்தில் பன்னிரண்டு குடும்பம் தோளோடு தோளாக இருக்கிறோம். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும்.

படி 2: படம் வரையுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. மற்றதையெல்லாம் அவசரமாகச் செய்தாலும் இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுங்கள்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். முதலில் லயத்தை நீளமாக வரைந்து காம்பராக்களுக்கு இலக்கம் போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யார் யார் படுக்கிறார்கள் என்று எழுதுங்கள். "யார் இருக்கிறார்கள்" என்று கேட்டால் கொழும்பில் கடையில் நிற்கிற மகன் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். "நேற்று ராத்திரி யார் படுத்தாங்க" என்று கேளுங்கள், சரியான கணக்கு வரும்.

அப்புறம் நிறம். நடக்க முடியாதவர்களுக்குச் சிவப்பு, கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் நீலம், தினமும் மாத்திரை போடுபவர்களுக்குப் பச்சை. எங்கள் லயத்தில் பச்சை மட்டும் ஒன்பது வந்தது. பிரஷரும் சீனி வருத்தமும். அதுவரை எங்களில் ஒருவருக்கும் அந்த எண்ணிக்கை தெரியாது.

லயத்தைச் சுற்றி இருப்பதையும் வரையுங்கள். பீலி, கோயில், புள்ளக்காம்பரா (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), குறுக்குப் பாதை, குளவிக்கூடு தொங்கும் மரம், மழைக்கு வழுக்கும் படிக்கட்டு. பகலில் கொழுந்து எடுக்கிறவர்கள் எந்த மலையில் நிற்பார்கள் என்பது தினமும் மாறும். அதனால் படத்தின் ஓரத்தில் காலியிடம் விட்டு, பென்சிலால் எழுதுங்கள்.

படி 3: சேதி சொல்லும் வழி

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது பல இடங்களில் ரோடு, கரண்ட், போன் சிக்னல் மூன்றும் ஒன்றாகவே போயின. ஆகவே போனை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள்.

ஒரு காலத்தில் விடியற்காலையில் தப்பு என்கிற பறையை அடித்துத்தான் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆட்களைக் கூப்பிட்டார்கள். அந்தத் தப்பு இப்போதும் கோயிலில் தொங்குகிறது. மண்சரிவுக்கும் தீக்கும் அதைவிட நல்ல அபாயச் சத்தம் கிடையாது. ஆனால் நம் ஜாம்பி சத்தத்துக்கு வருமே! அதனால் இரண்டு வழி வைத்தோம். தப்பு விடாமல் அடித்தால் "உடனே வெளியேறு". சத்தம் ஆகாத நேரத்தில் சுவரில் மூன்று தட்டு. கேட்டவர் அடுத்த சுவரில் தட்ட வேண்டும். லயத்துச் சுவர் மெல்லியது என்று காலமெல்லாம் குறைப்பட்டோம், இங்கே அதுதான் உதவி. எங்கள் ஒத்திகையில் முதல் காம்பராவில் தட்டியது பன்னிரண்டாவதற்குப் போய்ச்சேர அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எதிர்மலை லயத்தோடும் பேசி வையுங்கள். ராத்திரியில் டோர்ச் வெளிச்சம் பள்ளத்தாக்கைத் தாண்டி நன்றாகத் தெரியும். மூன்று மின்னல் என்றால் உதவி தேவை, இரண்டு என்றால் நாங்கள் நலம். பனிமூட்டத்தில் இது வேலை செய்யாது.

படி 4: தண்ணீரும் சாப்பாடும்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், மூன்று நாள், 60 லீட்டர். மூடியுள்ள 20 லீட்டர் கேன் மூன்று. பீலித் தண்ணீர் மேட்டிலிருந்து தானாக இறங்குவதால் கரண்ட் போனாலும் வரும்; அது நமக்குப் பெரிய பலம். ஆனால் குழாய் உடைந்தாலோ தண்ணீர் கலங்கினாலோ குடிக்க ஆகாது. துணியில் வடித்துக் கொதிக்க வையுங்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதி வரும். அதனால் தளதளவென்று கொதித்த பிறகும் மூன்று நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள்.

சாப்பாட்டுக்கு நம் ஆட்களுக்குப் பாடம் வேண்டாம். கோதுமை மாவு, பருப்பு, கருவாடு, சீனி, உப்பு, தேயிலைத்தூள். மாவை வறுத்து இறுக்கமான வாளியில் வைத்தால் பனியில் கட்டிபிடிக்காது. காய்ந்த விறகுக் கட்டு ஒன்றைத் தனியாகக் கூரைக்குள் வையுங்கள். 2022இல் காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் போனபோது விறகடுப்புதான் நமக்குச் சோறு போட்டது.

படி 5: தகரப் பெட்டி

எல்லாத் திட்டத்திலும் "அவசரப் பை" வரும். டோர்ச், பேட்டரி, மாத்திரை, கம்பளி, படங்கு (தார்ப்பாய்), சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, விசில் எல்லாம் வழக்கம்போல. அட்டைக் கடிக்கு உப்பு ஒரு பொட்டலம்.

எங்கள் அப்பாயியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பச்சை பெயிண்ட் உரிந்து, மூடி ஒருபக்கம் வளைந்து, திறந்தால் பூச்சி உருண்டை வாசம் வரும். உள்ளே ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றி பிறப்புச் சான்று, பிரஜாவுரிமைக் கடிதம், தாத்தாவின் சேமலாப (தொழிலாளர் சேமிப்பு) நிதிக் காகிதம். வீட்டில் எது தொலைந்தாலும் கேட்கமாட்டார், அந்தப் பெட்டியை யாராவது நகர்த்தினால் மட்டும் கத்துவார். 1948இல் குடியுரிமை பறிபோய், 2003 வரைக்கும் அதற்கான சட்டங்களுக்காகக் காத்திருந்த சனத்துக்கு ஒரு காகிதம் என்பது வெறும் காகிதம் இல்லை. தம் பெயர் எழுதிய தாள் கையில் இல்லாததால் பட்ட பாடு அப்பாயிக்குத் தெரியும்.

அதனால் உங்கள் பையில் முதலில் போக வேண்டியது அடையாள அட்டை, பிறப்புச் சான்று, சேமலாப நிதிக் காகிதம், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம். இரண்டு பொலித்தீன் பைக்குள் காற்றை வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கிற ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பி வையுங்கள். பை கதவுக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்க வேண்டும். கட்டிலுக்கடியில் வைத்தால் இருட்டில் கிடைக்காது.

படி 6: எங்கே போவது

மூன்று இடம் பார்த்தோம்.

ஒன்று, லயத்துக்குள்ளேயே கதவடைத்து இருப்பது. ஒரே வாசல் என்பதால் உள்ளே மாட்டிக்கொள்வோம். வேண்டாம் என்றோம்.

இரண்டு, தேயிலை மலைக்குள் ஏறுவது. இது கேட்க நன்றாக இருந்தது. இடுப்பளவுச் செடி நெருக்கமாக நிற்கும், நிரைக்குக் குறுக்கே கான் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) வெட்டியிருக்கும். கொழுந்து எடுக்கிற நம் பெண்கள் அந்தச் சரிவில் கூடையோடு ஏறி இறங்குவார்கள். மெதுவாக நடக்கிற ஜாம்பி முதல் கானிலேயே விழும். ஆனால் குழந்தையும் வயசானவர்களும் அங்கே ராத்திரி தங்க முடியாது. ஆகவே அது தப்பும் வழி, தங்கும் இடம் இல்லை.

மூன்று, ஸ்டோர். மேல்மாடியில் கொழுந்து வாட்டும் நீளமான தொட்டிகள், கீழே பலமான கதவு, விறகுக் குவியல், தண்ணீர். கீழ்ப்படியை மறித்துவிட்டால் மேலே நூறு பேர் இருக்கலாம். ஆனால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடமும் ஸ்டோர் காவல்காரரிடமும் முன்கூட்டியே பேசி, சாவி ராத்திரியில் யார் கையில் இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த இடமானாலும் அதற்கு மேலே இருக்கிற மலையைப் பாருங்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். போக இடமில்லாமல் சனம் அங்கேயே இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று பீறிடும் ஊற்று, வழக்கமான ஊற்று வற்றுவது, ஓடைத் தண்ணீர் சேறாவது: இதில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்தைப் படத்திலிருந்து அடித்துவிடுங்கள்.

மழையையும் அளந்து பாருங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பேணி (தகர டப்பா) ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். உள்ளே ஸ்கேலை விட்டுப் பார்த்தால் மழை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். 24 மணி நேரத்தில் 75 வந்தால் விழித்திருங்கள், 100 வந்தால் பையை எடுத்துத் தயாராகுங்கள், 150 வந்தால் வெளியேறுங்கள். ஒரு மணி நேரத்திலேயே 75 வந்தாலும் வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு அறிவித்தலை வானொலியில் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990.

படி 7: கடிபட்டவரை என்ன செய்வது

பிள்ளைகள் உடனே "வெளியே தள்ளு" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடிபட்டவர் உங்கள் அம்மாவாக இருந்தால்? கடைசியில் புள்ளக்காம்பராவைத் தனி இடமாக வைப்பது, வெளியிலிருந்து பூட்டுவது, ஆனால் ஜன்னல் வழியே பேசவும் சாப்பாடு கொடுக்கவும் ஒருவர் இருப்பது என்று முடிவானது.

கடித்துப் பரவும் நிஜ நோய் ஒன்று இருக்கிறது: விசர்நாய்க்கடி. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பீலிக்கரை அதற்குத் தோதான இடம். மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் அப்ப வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். சிறு கீறல் என்றாலும் போங்கள்.

படி 8: ஒத்திகை

முதல் ஒத்திகையை ராத்திரி எட்டு மணிக்கு வைத்தோம். தட்டு போனது, பைகள் வந்தன, எல்லாரும் ஸ்டோர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்களை எண்ணினால் ஒருவர் குறைகிறார். எட்டாம் காம்பராத் தாத்தா. அவருக்குக் காது மந்தம். ஏழாம் காம்பராவார் ஒன்பதார் கூட்டிவருவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள், ஒன்பதார் ஏழார் என்று. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் போயிட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே படத்தை எடுத்து, சிவப்பு நிறம் போட்ட ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இரண்டு பெயர் எழுதினோம். ஒன்று அடுத்த காம்பராவில் இருப்பவர், இன்னொன்று லயத்தின் அடுத்த முனையில் இருப்பவர். இருவரில் ஒருவர் ஊரில் இல்லையென்றால் அன்றைக்கே வேறு பெயர். அப்புறம் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடிக்கடியில் கம்பு கட்டித் தூக்கினோம், இருபதடி போவதற்குள் கைப்பிடி விரிந்துவிட்டது. மர நாற்காலியின் இருக்கைக்கடியில் இரண்டு சவுக்குக் கம்பைத் தாம்புக்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியபோதுதான் ஆடாமல் நின்றது. தூக்குபவர் நாலு பேரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் ஒத்திகை தூறலில் நடந்தது. தாத்தா நாற்காலியில், மடியில் தன் பையோடு, படங்கைப் போர்த்திக்கொண்டு மூன்றாவது ஆளாக ஸ்டோர் வாசலுக்கு வந்துவிட்டார். அடுத்தது விடியற்காலை நாலு மணிக்கு. அன்றைக்கு டோர்ச் இல்லாமல் போய்ப் பார்க்கப் போகிறோம்.