மென்பொருள் வேலை உங்களுக்கு ஒத்துவருமா? சேருமுன் சோதித்துப் பாருங்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மென்பொருள் வேலை என்றதும் நினைவுக்கு வருவது திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற மென்பொருள் பூங்கா. நல்ல சம்பளம், வீட்டுக்குப் பக்கம் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தாம். ஆனால் பிறர் எழுதிய நிரலைப் படிப்பதும் பிழை தேடுவதும்தான் அன்றாடப் பாடு. அது பிடிக்கிறதா என்று கல்லூரிக்குப் பணம் கட்டுமுன்பே பார்த்துவிடுங்கள்.

பைத்தான் என்ற நிரல்மொழியை இலவசமாக இறக்கி, ரப்பர் பால் கணக்குப் போடும் நிரல் ஒன்று எழுதுங்கள். பால் 40 கிலோ, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) 35 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 14 கிலோ. இன்புட் என்ற கட்டளையால் வாங்கிய இரண்டையும் அப்படியே பெருக்கினால் டைப்எரர் என்ற பிழைச்செய்தி வரும். இன்புட் தருவது எண் அல்ல, எழுத்துச்சரம். இரண்டையும் ஃப்ளோட் என்ற கட்டளையால் எண்ணாக்குங்கள். 100-ஆல் வகுக்க மறந்தால் 1400 என்று காட்டும், பிழைச்செய்தியே வராது. வேலையில் ஆளை வாட்டுவது இந்த வகைதான்.

பிறகு அந்த நிரலை வீட்டில் ரப்பர் பால் விற்கும் பெரியவரிடம் கொடுங்கள். எதையும் அடிக்காமல் எண்டர் தட்டுவார், வேல்யூஎரர் என்ற பிழையில் நிரல் நின்றுவிடும். யாரும் சொல்லாமலே அதைச் சரிசெய்ய உட்கார்ந்தீர்களா? துணிந்து சேருங்கள். எரிச்சல் மட்டும்தான் மிஞ்சியது என்றால், சம்பளத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.